துளையிடுமுன் வழி சமைத்தல்

கனிப்பொருள் தேடுவோர் முதலிற் செய்வது துளையிடுதலன்று, வழி சமைத்தலேயாம். துளைப்பொறி செல்லப் பாதையும், அது நின்று தொழிற்படச் சமதரையும் வேண்டும். துளையின் அகலம் ஒரு சாணிலுங் குறைவு. அதன்பொருட்டு அழிக்கப்படும் நிலமோ பல பரப்பாதல் கூடும். தேடிய பொருள் கிடையாது போயினும் அவ்வடு எஞ்சி நிற்கும். பெரும்பாலான துளைகளிற் கிடைப்பதும் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கேடு தரையோடு நிற்பதன்று. இந்நிலத்தின் கனிச்செல்வம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் எழுந்ததும் அதனாலேயே. 1990 இல் போரினால் அது நின்றுபோயிற்று; கல் அகழ்ந்த பள்ளங்கள் இன்றும் உள. ஆனால் அக்கல்லே குடிநீரின் கொள்கலமுமாகும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கில்லை. மாரிமழை கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, உள்ளே புகுந்துள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நிற்பின் அதன்கீழ் ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கைபன், எர்சுபேக்கு என்னும் இருவர் தனித்தனியே கண்ட விதி. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குக் கண்கூடான சான்று.

ஆகவே, பாதைக்கு முதல் விதி புதிது வெட்டாமை. உள்ள ஒழுங்கைகளே போதுமாயின் அவற்றையே கொள்ளுதல் வேண்டும். பொறி சிறிதாயின் வழியும் சிறிதாகும். வேலியும் பனையும் பிழைக்கும். மண்கொட்டி உயர்த்திய பாதை வெள்ளவாய்க்காலைக் குறுக்கிடின் அதுவே அணையாகிவிடும்: ஒருபுறத்து வயல் அழுகும், மறுபுறத்துக் குளம் வறளும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஊர்தியை இறக்காமை நன்று. ஈரமண்ணிற் சில்லுகள் அழுத்திய தடத்தில் மழைநீர் பின்னர் எளிதில் ஊறாது.

துளையிடுங் களத்தில், செம்மண்ணின் மேற்படையை முதலில் வழித்து வேறாகக் குவித்தல் வேண்டும். கல்லின்மேல் அது மெல்லியதாதலின் இழந்தால் மீளாது. எண்ணெய்ப் பீப்பாய்களும் எஞ்சினும் நீர்புகா விரிப்பின்மேல் நிற்கவேண்டும். இது மிகையான அச்சமன்று. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்குமாறு 2019 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

துளைக்குட் செலுத்திய நீர் மேலே திரும்பாது மறையின் அங்கே பொந்து உண்டென்பது பொருள். அப்பொந்து எவருடைய கிணற்றுக்குச் செல்கின்றதோ அறியமுடியாது. உடனே நிறுத்துதலே தக்கது. மூடாது விட்ட துளையோ அதனினுங் கொடிது. மேல்நீருக்கும் அடியிலுள்ள உவருக்கும் அதுவே வாயிலாகும். எனவே, கல்மாதிரி எடுத்தபின் சீமெந்துக் குழம்பை அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்பி அடைப்பர். பின்னர், குவித்து வைத்த செம்மண்ணைப் பரப்புவர். அடுத்த மாரி கழிந்தபின் ஒருவர் சென்று, அவ்விடத்திற் புல் முளைத்ததா, அயற்கிணற்று நீர் உவர்க்கின்றதா என்று பார்த்துவரல் வேண்டும்.