போகையில் இரவு, வருகையில் பகல்

கொழும்புக் கோட்டையில் இரவு மெயில் ஏறுகிற யாழ்ப்பாணத்தாரும் கிளிநொச்சியாரும் ஒரே பெட்டியில், ஒரே மாதிரி ஆசனத்தில் வரலாம். நித்திரை மட்டும் ஒரே மாதிரி வராது. யாழ்ப்பாணத்தில் பெட்டியில் பாதிப்பேர் எழும்பிப் பொதி இறக்குவார்கள். அந்தச் சந்தடியே மற்றவர்களை எழுப்பிவிடும். வன்னி நிலையங்களுக்கு வண்டி வருவதோ நடுச்சாமத்துக்குப் பிறகு. மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் கொஞ்ச நேரந்தான் நிற்கும். கண்ணயர்ந்தவர் ஆனையிறவையும் தாண்டி, பளையிலோ கொடிகாமத்திலோ இறங்கி, விடியும் மட்டும் வாங்கில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

ஆகவே வன்னியில் இருப்பவர் இரவுப் பயணத்துக்கு இடம் பதியும்போது எந்த வகுப்பு என்று யோசிக்க முன்னர் எந்தத் திசை என்று யோசிக்க வேண்டும். கொழும்புக்குப் போகையில் இரவில் போங்கள். கையில் காசு இருந்தால் நல்ல இடமாகவே எடுங்கள். திரும்பி வருகையில் பகலில் வாருங்கள்.

காரணம் எளிது. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கிளினிக், தூதரகத்தில் நேர்முகம் என்று வன்னிச் சனம் கொழும்புக்குப் போகிற அலுவல்கள் பெரும்பாலும் காலையில் தொடங்குபவை. முதல்நாளே போய் லொட்ஜில் தங்குகிற காசை இரவு வண்டி மிச்சப்படுத்தும். கோட்டையில் எல்லாரும் இறங்குவார்கள்; ஊர் தவறுமோ என்ற பயமில்லாமல் படுக்கலாம். நோயாளியோடு போகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இலங்கையின் இரவு வண்டிகளில் படுக்கை என்பது முதலாம் வகுப்பு அறைதான். அறைக்கு இரண்டு படுக்கை, மேலொன்று கீழொன்று. படுக்கைப் பெட்டி உண்டா என்று பதியும்போதே கேட்டுவிடுங்கள். முழங்கால் நோவுள்ளவருக்குக் கீழ்ப்படுக்கை. படுக்கை கிடைக்காதவர் இரண்டாம் வகுப்பில் பெட்டியின் நடுப்பகுதியில் இடம் கேட்கலாம். இரு அந்தங்களிலும் சில்லுக்கு நேர்மேலே இருப்பதால் ஆட்டம் கூட. கழிவறைக் கதவும் அங்கேதான். இன்னொன்று, வன்னியில் காவலில்லாத கடவைகள் நிறைய. அவற்றை அணுகும்போதெல்லாம் சாரதி ஹோர்ன் அடிப்பார், அடிக்கத்தான் வேண்டும். என்ஜினுக்கு அடுத்த பெட்டியில் இருந்தால் அந்தச் சத்தத்தில் வவுனியா தாண்டும் வரை நித்திரை இல்லை. குளிரூட்டிய பெட்டி என்றால் ஒரு போர்வை கட்டாயம்.

இரவில்தான் திரும்பியாக வேண்டும் என்றால் படுக்கைக்குக் காசு கொட்டாதீர்கள். கதவுக்குக் கிட்ட ஓர் ஆசனம், தொலைபேசியில் அலாரம், அத்தோடு அநுராதபுரம் தாண்டியதும் ஒருக்கால் எடுத்து எழுப்பச் சொல்லி வீட்டில் ஒருவர். ஓட்டோவையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். முல்லைத்தீவுக்காரரின் பாடு இன்னும் கஷ்டம். முல்லைத்தீவு நகரத்துக்கு ரயில் பாதை இல்லை. மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் வழியாகச் சுமார் 50 கி.மீ. போக வேண்டும். வண்டி வரும் நேரத்துக்கு ஒரு பஸ்ஸை விட்டால் எத்தனை தாய்மார் நிம்மதியாக வீடு சேர்வார்கள்! இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பகலில் திரும்பச் சொல்வதற்கு இறங்கும் வசதி மட்டும் காரணமில்லை. 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்குப் பாதை, காடு வெட்டி, காய்ச்சலுக்கு ஆட்களைப் பறிகொடுத்துப் போட்ட தண்டவாளம். 1956 ஏப்ரல் 23 முதல் அதில் யாழ்தேவி வண்டி ஓடியது. 1990 ஜூனில் போரால் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பெயர்க்கப்பட்டுப் பங்கர்களுக்குப் போயின. ரயில் ஓடிய தடத்தில் பற்றை மூடியது. இந்தியக் கடனுதவியில் இர்கோன் நிறுவனம் மீளப் போட்ட பாதையில், 2013 செப்டெம்பர் 14 அன்று கிளிநொச்சிக்கு மறுபடியும் ரயில் வந்தது. 1990இல் இங்கே பிறந்த பிள்ளைக்கு அப்போது வயது 23. தன் ஊர் நிலையத்தில் ஒரு கோச்சி வந்து நிற்பதை அன்றுதான் அது முதன்முதல் கண்டது. அப்படி மீண்ட பாதையை ஒவ்வொரு முறையும் இருட்டில் நித்திரையோடு கடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காலையில் கோட்டையில் புறப்படும் வண்டி மதியத்தை அண்டி வவுனியாவுக்கு வரும். அதன் பிறகு வெயில் இடப்பக்கம் சரியும். ஆகவே வடக்கே வருகிறவர் வலப்பக்க ஜன்னலைக் கேட்க வேண்டும். அது கிழக்கு, முல்லைத்தீவுப் பக்கம். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு. முறிகண்டிக்குப் பிறகு அறிவியல்நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீட மாணவர்கள் ஏறி இறங்குகிற இடம். அதைக் கடந்தால் இரணைமடுத் தண்ணீரில் விளைகிற வயல்கள். மார்கழி, தையில் வந்தால் காலபோகப் பச்சை கண்ணை நிறைக்கும். இதைக் காணக் கண்ணாடி அடைத்த குளிர்ப்பெட்டி வேண்டாம். திறந்த ஜன்னலுள்ள இரண்டாம் வகுப்பே போதும், மூன்றாம் வகுப்பும் குறைவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து விடியப் புறப்பட்டுத் தெற்கே போகிறவருக்குக் கணக்கு மாறும். காலை வெயில் இடப்பக்கம். வன்னிக் காட்டை வெயில் கூசாமல் பார்க்க வலப்பக்கம் நல்லது. ஆனையிறவுக்கு மட்டும் அது பொருந்தாது. அங்கே கிழக்கே சுண்டிக்குளம் பக்கக் களப்பு. சூரியன் அந்தத் தண்ணீரில் ஏறுவதைப் பார்க்க இடப்பக்கமே வேண்டும். ஐப்பசி முதல் பங்குனி வரை பூநாரைகள் வந்திருந்தால் கூடுதல் பாக்கியம்.

2025 ஏப்ரல் 6 அன்று இந்தியப் பிரதமர் மோடி அநுராதபுரத்தில், இதே வடக்குப் பாதையில் திருத்தப்பட்ட மஹவ – ஓமந்தைப் பகுதியைத் தொடக்கிவைத்துவிட்டு, அன்றே இராமேஸ்வரத்துக்குப் போய்ப் புதிய பாம்பன் பாலத்தையும் திறந்தார். 1914 முதல் சென்னையையும் கொழும்பையும் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாக இணைத்த போட் மெயிலின் இரு கரைத் தடங்கள் அவை. 1964 டிசம்பர்ப் புயலோடு அந்த இணைப்பு அறுந்தது. நம் செட்டிகுளம் இன்றும் தலைமன்னார்ப் பாதையில்தான் இருக்கிறது.

அந்த இணைப்பு இல்லாததால், இன்று இராமேஸ்வரம் போகும் நம்மவர் சென்னை எழும்பூரில் ஏறுவது முழு இரவுப் படுக்கை வண்டி. அங்கே மூன்றடுக்குப் பெட்டியில் படுக்கை எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 கீழ்; 2, 5 நடு; 3, 6 மேல்; 7 பக்கவாட்டுக் கீழ்; மீதியில்லை என்றால் பக்கவாட்டு மேல். நடுப்படுக்கையை இரவு 10 முதல் காலை 6 வரைதான் விரிக்கலாம் என்பதால், பிந்தி எழும்பும் பழக்கமுள்ளவர் அதை எடுக்க வேண்டாம். பாம்பனைக் காலையில் கடக்கும் வண்டியில் 7ஆம் எண் வகைதான் சிறந்தது. ஜன்னலோரம் காலை நீட்டி இருந்து கடலைப் பார்க்கலாம். உயரமானவருக்கு மட்டும் அது நீளம் காணாது.

ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரே இரவு வண்டியில் போனால் உங்கள் பிள்ளைகள் வன்னியைக் காணவே மாட்டார்கள். பகல் வண்டியில் கிளிநொச்சி வரை பதியுங்கள். அங்கே ஒரு நாள் தங்கி, முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கி, இரணைமடு அணைக்கட்டில் நடந்து பாருங்கள். மறுநாள் ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் போக முன்பதிவு வேண்டியதில்லை. நிலையக் கவுண்டரில் மூன்றாம் வகுப்பு ரிக்கற் எடுத்தால் போதும்.