பதிலுக்கு முன் 14 நொடிகள்

சேலையூரில் மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பையன் நாளெல்லாம் கேள்வி கேட்கிறான். உடனுக்குடன் பதில் சொல்லிவிடுகிறேன். மறுநாள் கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. மூளைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?"

அந்தப் பணம் மிச்சமாகட்டும். நடுமூளையைத் தூண்டிவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டே பிள்ளை புத்தகம் படிக்கும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. கண்கட்டின் மூக்கோரத்து இடுக்கை முழுதாக அடைத்துவிட்டால் அந்தத் திறமை காணாமல் போய்விடும். நடுமூளைக்குக் கற்றலில் வேலை உண்டு. ஆனால் அதைத் தூண்டுவதற்குக் கட்டணம் தேவையில்லை. ஒரு நல்ல கேள்வியும் கொஞ்சம் காத்திருப்பும் போதும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் குரூபர், பெர்னார்ட் கெல்மன், சரண் ரங்கநாத் மூவரும் செய்த ஒரு சோதனை 2014-ல் 'நியூரான்' ஆய்விதழில் வெளியானது. பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்து, எதன் பதிலைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறீர்கள், எதில் அக்கறை இல்லை என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள். பிறகு மூளையைப் படமெடுக்கும் ஸ்கேனருக்குள் படுக்கவைத்து அதே கேள்விகளை மறுபடி காட்டினார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே 14 நொடிகள். அந்த இடைவெளியில், சம்பந்தமே இல்லாத ஒரு அந்நியரின் முகம் திரையில் வந்து போகும்.

ஆவலோடு காத்திருந்த பதில்கள் அதிகம் நினைவில் நின்றன. இது எதிர்பார்த்ததுதான். சோதனையின் அழகே அந்த அந்நியரின் முகத்தில்தான் இருக்கிறது. ஆவலான கேள்விக்குக் காத்திருந்தபோது பார்த்த முகத்தையும் அவர்கள் சற்றுக் கூடுதலாக அடையாளம் கண்டார்கள். ஒருநாள் கழித்துச் சோதித்தபோதும் அந்த ஆதாயம் இருந்தது.

பல்லாவரம் ஸ்டேஷனில் காலை நேரக் கடற்கரை ரயில் வந்து நிற்பதுபோலத்தான் இது. ஆவல் என்பது ரயில் நின்றுவிட்ட நேரம். ஏற வேண்டியவர் பதில். ஆனால் வாசலருகே சும்மா நின்றவரையும் கூட்டம் உள்ளே தள்ளிவிடுகிறது. அவர்தான் அந்த முகம். கேட்ட மறுகணமே பதில் சொல்லிவிட்டால் வண்டி நிற்பதற்கு முன்பே பயணியை ஏற்றப் பார்க்கிறோம் என்று அர்த்தம். நாள் முழுக்கத் தள்ளிப்போட்டாலோ, பயணி ஜி.எஸ்.டி. சாலைக்கு நடந்து பஸ் பிடித்துப் போய்விடுவார். பதிலைக் கேட்கும் முன்பே, காத்திருக்கும் அந்த நொடிகளிலேயே, நடுமூளையின் டோபமைன் பகுதி விழித்துக்கொள்கிறது. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸும் அதோடு கைகோத்து இயங்குகிறது. இந்த ஒத்திசைவு யாரிடம் கூடுதலோ, அவர்களுக்கே அந்த இலவசப் பயணியும் கூடுதலாகக் கிடைத்தார்.

இடைவெளியின் மதிப்பை ஸ்கேனர் இல்லாமலே கண்டவர் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ. 1970-களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரே ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மணி அடிக்காத வீட்டில் இந்த 3 நொடி எளிது. ஆனாலும், பிள்ளை தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பெற்றோரே முந்திக்கொள்கிறோம்.

காத்திருக்கத் தகுந்த கேள்விகளுக்குத் தென்சென்னையில் பஞ்சமில்லை. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் கருநீலக் கல்லைக் கையில் கொடுங்கள். புதிதாக உடைந்த முகம் எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். "இதே ரகக் கல் கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரரின் கல்லறைமேல் இருக்கிறது. எப்படிப் போயிருக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ரயிலா, கப்பலா என்று பிள்ளை ஊகிக்கட்டும். கல்லறை ஜாப் சார்னாக்குடையது. அவர் பெயரை வைத்தே நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார்.

வரலாற்றுக்கும் பல்லாவரமே போதும்: 1863 மே 30 அன்று அங்கே சரளை மண்ணில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. ஐரோப்பாவில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றிப் படித்து, இங்கேயும் அவை கிடைக்குமா என்ற கேள்வியை மனதில் சுமந்து திரிந்தவர் அவர்.

படிப்பு ருசிக்க வேண்டும் என்று சாக்லேட்டும் ஸ்டிக்கரும் பேசிக் கொடுப்பவர்கள் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் நடந்து 1973-ல் வெளியான சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கெட்ச் பேனாவால் வரைய ஆசைப்பட்ட குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரச் சான்றிதழ் என்று உளவியலாளர் மார்க் லெப்பரின் குழு முன்கூட்டியே சொன்னது. பிறகு விளையாட்டு நேரத்தில் அவர்கள் அந்தப் பேனாவோடு செலவிட்ட நேரம், மற்ற குழந்தைகளுடையதில் பாதிதான். சொல்லாமல் திடீரெனப் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

எதையும் ஊதிப் பெரிதாக்க வேண்டாம். டேவிஸ் சோதனையில் படுத்தவர்கள் வெறும் 19 பேர், அனைவரும் வளர்ந்தவர்கள். முகங்களில் கண்ட வித்தியாசமும் சிறியது. வீட்டில் ஸ்டாப் வாட்ச் பிடித்து 14 எண்ண வேண்டியதில்லை.

தவிர, ஏழாம் வாய்ப்பாட்டை ஆவல் மட்டுமே ஏற்றிவிடாது. வீட்டில் படிப்பவரும் 14 வயது முடிந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அங்கே கணக்குப் பாடம் எடுத்தால் சரளம் வேண்டும். அதற்கு உதவுவது புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது. உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் செய்த கல்லூரி மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 56 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். மறுபடி படித்தவர்கள் 42. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவும் பிள்ளையும் மாறி மாறிக் கேட்டுக்கொள்ளும் ஆட்டமாக இதை வைத்துக்கொள்ளலாம். அப்பா தப்பாகச் சொன்னால் பிள்ளைதான் திருத்த வேண்டும்.