வாய்க்குள் வளரும் குஞ்சுகள்

ஏரியில் பிடித்த ஜிலேபி மீனின் வாயைப் பிரித்தால் சில நேரம் உள்ளே மஞ்சள் முட்டைகள் குவிந்து கிடக்கும். இரையாக விழுங்கியது என்று நினைக்க வேண்டாம். தான் இட்ட முட்டைகளைத் தாய் அங்கே வைத்து அடைகாக்கிறது. கடல் கெளுத்தியிலோ இந்தப் பொறுப்பு முழுக்கத் தகப்பனுடையது. நன்னீரிலும் கடலிலும் இப்படி வாயில் வைத்துக் குஞ்சு வளர்க்கும் மீன் குடும்பங்கள் பல உண்டு.

ஏன் வாயைத் தேர்ந்தெடுத்தன?

பெரும்பாலான மீன்கள் முட்டைகளை நீரில் விட்டதோடு சரி, திரும்பிப் பார்ப்பதில்லை. கட்லா லட்சக்கணக்கில் முட்டையிடும். அவற்றில் பெரும்பகுதி மற்ற மீன்களுக்கு இரையானாலும் சில தப்பிவிடும். வாயில் சுமக்கும் மீன்களுக்கு அத்தனை முட்டைகளுக்கு இடம் கிடையாது. ஆகவே அவை குறைவாக இடுகின்றன. ஒவ்வொரு முட்டையும் பெரிதாகவும் மஞ்சள்கரு நிறைந்ததாகவும் இருக்கும். அதிலிருந்து வரும் குஞ்சும் திடமாக இருக்கும்.

வாய்க்கு இன்னொரு வசதியும் உண்டு. மீன் வாய்வழியே நீரை இழுத்துச் செவுள்வழியே விட்டுத்தான் மூச்சுவிடுகிறது. அதனால் முட்டைகளின்மேல் புது நீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆக்சிஜன் குறையாது. மீனும் அடிக்கடி தாடையை அசைத்து முட்டைகளைப் புரட்டிவிடுகிறது. முட்டைமேல் அழுக்குப் படியாமலும் பூஞ்சை பிடிக்காமலும் இருப்பது இதனால்தான்.

தாய் சுமக்கும் ஜிலேபி

ஆண் ஜிலேபி குளத்தின் அடித்தரையில் வட்டமாகக் குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே அவற்றை வாயில் அள்ளிக்கொண்டு ஒதுங்கிவிடும். சில நாட்களில் முட்டை பொரியும். ஆனால் குஞ்சுகளை அப்போதே வெளியே விடாது. வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கரு கரைந்து, குஞ்சுகள் தாமே நீந்தும்வரை, ஏறக்குறைய 10 முதல் 14 நாள், வாயிலேயே வைத்திருக்கும். அந்த நாட்களில் தாய் பெரும்பாலும் பட்டினிதான்.

வெளியே விட்ட பிறகும் காவல் முடிவதில்லை. ஆபத்து தெரிந்தால் தாய் தலையைத் தாழ்த்தி மெல்லப் பின்வாங்கும். குஞ்சுகள் திரண்டு வாய்க்குள் பாய்ந்துவிடும். மீன் உருவப் பொம்மைகளை நீரில் வைத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பொம்மையில் கருமையாகத் தெரியும் இடங்களைக் குஞ்சுகள் நாடிப் போயின.

தகப்பன் சுமக்கும் கெளுத்தி

கடல் கெளுத்தியின் முட்டை கோலிக்குண்டு அளவு இருக்கும். மெக்சிகோ வளைகுடாவில் வாழும் ஓர் இனத்தில் ஆண் ஒரே நேரத்தில் ஐம்பது முட்டைவரை சுமக்கிறது. முட்டை பொரிந்து குஞ்சு தேறுவதற்குப் பல வாரங்கள் ஆகிவிடும். அவ்வளவு காலமும் ஆண் மீன் இரை எடுப்பதில்லை. அப்படிப் பிடிபடும் ஆண் மீன்களின் இரைப்பை வெறுமையாகவே இருக்கும்.

காவலில் விழும் ஓட்டை

ஆப்பிரிக்காவின் டாங்கன்யீக்கா ஏரியில் ஒரு கெளுத்தி இனம் இந்தக் காவலையே ஏமாற்றிப் பிழைக்கிறது. வாயில் அடைகாக்கும் சிக்லிட் மீன் முட்டையிடும்போது இடையில் புகுந்து தன் முட்டைகளையும் போட்டுவிடும். சிக்லிட் தாய் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். முதலில் பொரியும் கெளுத்திக் குஞ்சுகள் அந்தத் தாயின் குஞ்சுகளையே தின்று வளரும்.

அதைவிடப் பெரிய ஓட்டை மனிதரின் வலை. வாயில் முட்டையுள்ள மீன் சிக்கினால், பதற்றத்தில் முட்டைகளைக் கக்கிவிடும். ஒரு மீன் மாட்டினால் ஒரு தலைமுறையே அதோடு போய்விடுகிறது. 1980களில் கர்நாடகக் கரையில் சுருக்குமடி வலைகளில் முட்டை சுமந்த ஆண் கெளுத்திகள் கூட்டங்கூட்டமாக அகப்பட்டன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அறிவியலாளர்கள் இதைப் பதிவுசெய்து எச்சரித்தார்கள். பின்னர் அந்தக் கரையில் கெளுத்தி வரத்து சரிந்தது.

ஒரே பழக்கம், இரண்டு விளைவு

ஜிலேபிக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளைச் சேர்ந்த இந்த மீன் 1952இல் இந்தியாவுக்கு வந்தது. கட்லாவுக்கு இனம்பெருக்க ஆற்று வெள்ளம் வேண்டும். ஜிலேபிக்குத் தேங்கிய குளமே போதும். சில மாத வயதிலேயே முட்டையிடத் தொடங்கி, ஆண்டில் பலமுறை இடும். குஞ்சுகளும் வாய்க்காவலில் பிழைத்துவிடும். அதனால்தான் பல ஏரிகளிலும் அணைகளிலும் அது பெருகி, நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டது.

கடல் கெளுத்தி முதிர்வதற்கு நாளாகும். இடும் முட்டையும் சொற்பம். இழந்ததை விரைவில் ஈடுசெய்ய அதனால் முடியாது. ஆயிரமாயிரமாக முட்டையிடும் மத்திக்குப் போடும் கணக்கு இதற்குப் பொருந்தாது. ஆண்கள் முட்டை சுமக்கும் மாதங்களில் அவை கூடும் இடங்களில் வலை வளைக்காமல் விடுவதே இதற்குச் சரியான பாதுகாப்பு. எந்த மாதம், எந்த இடம் என்பதைக் கரையோர மீனவர்களே நன்கு அறிவார்கள். மீன்பிடி விதிகளை வகுப்போர் அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுத்தால், அந்த விதி கடலிலும் நிற்கும்.