பத்தாம் எண்ணில் தொடங்கும் வாள்கள்

ஐரோப்பாவின் இடைக்கால வாள்களை ஆராய்கிறவர்களிடம் ஒரு பட்டியல் புழங்குகிறது. அதில் மொத்தம் 13 வகைகள். ஆனால் முதல் வகையின் எண் 1 இல்லை, 10. கடைசி வகையின் எண் 22. இந்தத் துறைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, அந்த முதல் ஒன்பது எங்கே என்பதுதான்.

அந்த ஒன்பதும் வைக்கிங்குகளிடம் இருக்கின்றன. நார்வே நாட்டுத் தொல்லியலாளர் யான் பீட்டர்சன் 1919-இல் தம் நாட்டு மண்ணில் கிடைத்த வைக்கிங் வாள்களைப் பிடியின் அமைப்பை வைத்து 26 பெரும் வகைகளாகப் பிரித்தார். நுணுக்கமான வேலைதான். ஆனால் அத்தனையையும் யார் நினைவில் வைத்துக்கொள்வது? 1927-இல் லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த மார்ட்டிமர் வீலர் அவற்றை ஏழாகச் சுருக்கினார். இந்தப் பெயர் நமக்குப் பழக்கமானது. 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டி, ரோமானிய வணிகத்தின் தடயங்களை வெளியே கொண்டுவந்த அதே வீலர்தான். அவருடைய ஏழு வகைகளோடு, வைக்கிங் காலம் முடிந்து அடுத்த காலம் தொடங்கும் இடைவெளிக்காக இரண்டைக் கூட்டி ஒன்பதாக்கினார் எவார்ட் ஓக்‌ஷாட். தம்முடைய சொந்தப் பட்டியலைப் பத்திலிருந்து தொடங்கினார்.

ஓக்‌ஷாட் பேராசிரியர் இல்லை, தொல்லியல் படித்தவரும் இல்லை. 1916-இல் இங்கிலாந்தில் பிறந்த அவருக்குத் தொழில் ஓவியம். விளம்பரங்களுக்கும் புத்தகங்களுக்கும் படம் வரைந்து பிழைத்தவர். அவருடைய மாமா ஜெஃப்ரி ஃபார்னால், வாள்வீச்சும் காதலும் நிறைந்த சரித்திரக் கதைகளை எழுதிப் பெயர் பெற்றவர். அவரிடம் பழைய வாள்களும் இருந்தன. சிறுவனுக்கு அங்கே பிடித்த பித்து கடைசிவரை விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர், 1951-இல் ஆயுதங்களையும் கவசங்களையும் ஆராய்வதற்கென்று லண்டனில் ஒரு சங்கம் உருவானபோது அதை நிறுவியவர்களில் ஒருவரானார். 1960-இல் வெளிவந்த அவருடைய ஆயுதத் தொல்லியல் நூலிலும், 1964-இல் வந்த அடுத்த நூலிலும் அந்த 13 வகைகள் வடிவம் பெற்றன. நூல்களுக்கான படங்களை அவரே வரைந்தார். பட்டியல் இவ்வளவு காலம் நிலைத்ததற்கு அந்தப் படங்கள் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கம் பக்கமாக வர்ணித்தாலும் விளங்காத ஒரு வளைவு, ஒரு கோட்டுப்படத்தில் விளங்கிவிடும்.

அவர் செய்த முக்கியமான காரியம், பார்வையைப் பிடியிலிருந்து அலகுக்கு மாற்றியது. வைக்கிங் வாள்களுக்குப் பிடி போதும். ஒவ்வொரு காலத்திலும் அதன் வடிவமும் அலங்காரமும் மாறிக்கொண்டே வந்தன. 11-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு நிலைமை வேறு. எங்கு பார்த்தாலும் நேரான ஒரு குறுக்குக் கம்பி, முடிவில் ஒரு குமிழ், அவ்வளவுதான். பிடி கழற்றி மாட்டக்கூடிய உறுப்பும்கூட. அலகு நன்றாக இருந்தால் மகனும் பேரனும் பிடியை மட்டும் மாற்றிக்கொண்டு அதே வாளைக் கட்டிக்கொண்டு போவார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் சார்லமேன் பேரரசருடையது என்று சொல்லப்படும் ‘ஜுவாயஸ்’ வாள் இருக்கிறது. அதன் குமிழும் குறுக்குக் கம்பியும் வெவ்வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்த கட்டாரிகள் பலவற்றிலும் இதே கதை: பிடி உள்ளூர்க் கொல்லரின் வேலைப்பாடு, அலகு கப்பலேறி வந்த ஐரோப்பிய வாளிலிருந்து எடுத்துப் பொருத்தியது. பிடியை மட்டும் பார்த்து முடிவு சொல்கிறவர் பாதி ஆயுதத்துக்குத்தான் முடிவு சொல்கிறார்.

ஆகவே ஓக்‌ஷாட் அலகைப் பார்த்தார். அகலமா, ஒடுக்கமா? முனைவரை ஒரே அகலமா, கூம்பிக்கொண்டே போகிறதா? நடுவே நீளவாக்கில் ஓடும் பள்ளம் எதுவரை போகிறது? குறுக்கே வெட்டிப் பார்த்தால் தட்டையா, சாய்சதுரமா, அறுகோணமா? பிடியில் ஒரு கை அடங்குமா, இரண்டும் அடங்குமா? குமிழுக்கும் குறுக்குக் கம்பிக்கும் தனித்தனிப் பட்டியல்கள் வைத்திருந்தார் என்றாலும் அவை இரண்டாம் இடத்தில்தான். இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்த வாள் என்ன வேலைக்காக அடிக்கப்பட்டது?

அந்தக் கேள்வியோடு பார்த்தால் பட்டியல் ஐரோப்பியக் கவசத்தின் வரலாறாகவே மாறிவிடுகிறது. 10-ஆம் வகை வைக்கிங் வாளின் நேரடி வாரிசு. அகலமான, தட்டையான அலகு. பள்ளம் ஏறக்குறைய முனைவரை ஓடும். முனையோ மழுங்கலான வளைவு. வெட்டுவதற்கான வாள் அது. எதிரி அணிந்திருந்தது இரும்பு வளையங்களைக் கோத்த சட்டை; பலருக்கு அதுகூடக் கிடையாது. 12-ஆம் வகையில் அலகு மெல்லக் கூம்பத் தொடங்குகிறது. பள்ளம் முக்கால் தூரத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. முனையும் ஓரளவு கூர்மை பெறுகிறது. வெட்டவும் ஆகும், குத்தவும் ஆகும். 13-ஆம் வகை மறுபடி அகலம். அதன் கிளையான 13-ஏ நீண்ட பிடியோடு இரண்டு கையாலும் ஓங்கி வீசுவதற்கு ஆனது. சமகாலத்தவர்கள் போர்வாள் என்றே குறிப்பிட்ட பெரிய வாள்.

14-ஆம் நூற்றாண்டில் ஆட்டம் மாறிவிடுகிறது. வளையச் சட்டைக்கு மேல் எஃகுத் தகடுகள் வருகின்றன. முதலில் முழங்காலுக்கு, பிறகு கைக்கு, மார்புக்கு, கடைசியில் உடல் முழுவதற்கும். தகட்டின் மேல் எவ்வளவு வேகமாக வெட்டினாலும் வாளின் வாய்தான் மழுங்கும். மிச்சம் இருக்கும் வழி இடுக்குகள்: அக்குள், முழங்கை மடிப்பு, முகமூடியின் கண் துளை. அங்கே வளையச் சட்டைதான் காப்பு. அதைத் துளைக்க அகலமான அலகு உதவாது, சாக்குத் தைக்கும் கோணி ஊசி மாதிரி ஒன்று வேண்டும். 15-ஆம் வகை பிறந்தது இப்படித்தான். பள்ளமே கிடையாது, நடுவில் முதுகெலும்பு போல ஒரு மேடு, குறுக்குவெட்டு சாய்சதுரம், பிடியிலிருந்து முனைக்கு நேர்கோட்டில் கூம்பும் விறைப்பான அலகு. 16-ஆம் வகை இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்: மேல்பாதியில் வெட்டு வாளின் பள்ளம், கீழ்ப்பாதியில் குத்து வாளின் மேடு. அதற்குப் பிந்தைய வகைகளை விரித்துக்கொண்டு போனால் இக்கட்டுரை தாங்காது. 20-இல் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளங்கள் வரும். 22 பெரும்பாலும் ஊர்வலத்துக்கும் சடங்குக்குமானது.

பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தம் வடிவதற்காக அது என்று திரைப்படம் பார்த்தவர்கள் சொல்வார்கள். கட்டுக்கதை. அலகின் நடுப்பகுதி உலோகத்தைக் குறைத்தால் எடை இறங்கும், விறைப்போ அவ்வளவாகக் குறையாது. பள்ளம் கொல்லரின் கணக்கு.

சரி, ஒரு வகைக்கு இன்ன காலம் என்று எப்படிச் சொல்வது? பெரும்பாலான வாள்கள் ஆற்றிலோ வயலிலோ கிடைத்தவை. தேதியைச் சொல்ல எதுவும் கூட இருக்காது. ஆனால் சில அதிர்ஷ்டங்கள் உண்டு. காஸ்டில் நாட்டு இளவரசர் ஃபெர்னாண்டோ தெ லா செர்தா 1275-இல் இறந்து, ஸ்பெயினின் புர்கோஸ் நகர மடத்தில் அடக்கமானார். அந்த மடத்தின் கல்லறைகள் பல சூறையாடப்பட்டும் அவருடையது தப்பியது. 1940-களில் திறந்தபோது உடையோடும் கச்சையோடும் வாளும் இருந்தது: ஓக்‌ஷாட் கணக்கில் 12-ஆம் வகை. இறந்த ஆண்டு தெரியும். ஆகவே அந்த வாள் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது.

இதைவிடச் சுவையான சான்று எகிப்திலிருந்து வருகிறது. அலெக்சாண்ட்ரியாவில் மம்லூக் சுல்தான்களின் ஆயுதசாலைக்கு ஐரோப்பிய வாள்கள் பல போய்ச் சேர்ந்தன. சில கொள்ளையாக, சில காணிக்கையாக, சைப்ரஸ் வழியாகப் போயிருக்கக்கூடும். அங்கிருந்த எழுத்தர்கள் நல்ல கணக்கர்கள். அலகின் மீதே அரபியில் ஆயுதசாலையின் பெயரையும் பல வாள்களில் ஆண்டையும் பொறித்துவிட்டார்கள். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்த ஆண்டுகள் அவை. அந்த வாள்கள் இன்று டொராண்டோவிலும் இஸ்தான்புல்லிலும் இன்னும் பல இடங்களிலும் இருக்கின்றன. ஐரோப்பியக் கொல்லர் எழுதத் தவறிய தேதியை எகிப்தியக் கணக்கர் எழுதி வைத்தார்.

மூன்றாவது சான்று எச்சரிக்கையும்கூட. 1453-இல் இங்கிலாந்தின் நூறாண்டுப் போர் பிரான்ஸின் கஸ்தியோனில் தோல்வியில் முடிந்தது. அவ்வூரை ஒட்டி ஓடும் தோர்தோன் ஆற்றின் படுகையிலிருந்து 1970-களில் சுமார் 80 வாள்கள் வெளிவந்தன. மூழ்கிய படகின் சரக்கு என்பது பொதுவான கருத்து. ஒரே சரக்கில் இருந்தும் அவை ஒரே வகை அல்ல. அதாவது, ஒரே படை ஒரே காலத்தில் பல வடிவங்களைக் கையாண்டிருக்கிறது. வகை எண்ணைப் பார்த்தவுடனே ஆண்டைச் சொல்லிவிடுகிறவர்களைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். 12-ஆம் வகை சுமார் இரண்டரை நூற்றாண்டு புழக்கத்தில் இருந்தது. பலமுறை சாணை பிடித்தால் அலகின் உருவமே மாறும். ஓக்‌ஷாட்டே 1991-இல் வெளியிட்ட நூல்வரை தம் காலக்கணிப்புகளைத் திருத்திக்கொண்டேதான் இருந்தார்.

அதே 1991-இல் ஜெர்மன் ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் கைபிக், 8 முதல் 12-ஆம் நூற்றாண்டுவரையிலான வாள்களுக்கு வேறொரு முறையை வெளியிட்டார். கண்ணை நம்பாமல் அளவுகோலை நம்பும் முறை: அகலம் எந்தத் தூரத்தில் எவ்வளவு குறைகிறது, பள்ளத்தின் அகலம் என்ன என்று எண்களைப் பார்த்து வகை பிரிப்பது. ஆய்வேட்டுக்கு கைபிக்தான் உறுதியானவர். ஆனால் ஏலக்கூடத்திலும் கொல்லர் பட்டறையிலும் ஆர்வலர்கள் கூடும் இடத்திலும் காதில் விழுவது ஓக்‌ஷாட்டின் எண்கள்தான்.

அந்த ஆர்வலர்களை வேடிக்கை மனிதர்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. வாள் பற்றி நாம் நம்பிவந்த பலவற்றை அவர்கள்தான் சோதித்தார்கள். ஒரு கை வாளின் எடை எவ்வளவு இருக்கும்? பத்துக் கிலோ என்று சொல்பவர்கள் உண்டு. உண்மையில் ஒன்றேகால் கிலோவை ஒட்டித்தான். ஸ்வீடனின் பீட்டர் யான்சன் போன்ற கொல்லர்கள் அருங்காட்சியக வாள்களை அங்குலம் அங்குலமாக அளந்து, அதே அளவில் அடித்துப் பார்க்கிறார்கள். அலகின் தடிமன் பிடியருகே அதிகமாக இருந்து முனைக்குப் போகப்போகக் குறைந்துகொண்டே வரும். புகைப்படத்தில் தெரியாத இந்தக் குறைவுதான் வாளைக் கையில் லேசாக்குகிறது என்பது அளந்தவர்களுக்கும் அடித்தவர்களுக்கும் தெரியும். இன்னொரு கூட்டத்தார் பழைய வாள்பயிற்சிச் சுவடிகளைப் பார்த்து வீசிப் பழகுகிறார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ள அரச ஆயுதக் காட்சியகத்தில் இருக்கும் ஒரு ஜெர்மன் சுவடி, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கிடைத்திருக்கும் ஐரோப்பிய வாள்வீச்சு நூல்களில் அதுதான் மிகப் பழையது. அதில் ஒரு பாதிரியார் தம் மாணவருக்கு வாளும் சிறு கேடயமும் கற்றுக்கொடுக்கிறார். கடைசிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்ற பெண்ணும் வாளெடுத்து நிற்கிறாள்.

ஆர்வலர்களுக்கும் எட்டாத புதிர்கள் உண்டு. 1825-இல் லிங்கன் நகருக்கு அருகே விதம் ஆற்றில் கிடைத்த வாள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடை 1.2 கிலோ. அலகில் தங்கக் கம்பியால் பதித்த எழுத்துகள்: என், டி, எக்ஸ், ஓ, எக்ஸ், சி, எச், டபிள்யூ, டி, ஆர், ஜி, எச், டி, எக்ஸ், ஓ, ஆர், வி, ஐ. 2015-இல் பிரிட்டிஷ் நூலகம் ஒரு கண்காட்சியில் அதை வைத்தபோது, படிக்கத் தெரிந்தால் சொல்லுங்கள் என்று பொதுமக்களையே கேட்டது. உலகெங்குமிருந்து விடைகள் வந்தன. லத்தீன் வேண்டுதலின் சுருக்கமாக இருக்கலாம் என்றார்கள், இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். ஒன்றும் நிலைநாட்டப்படவில்லை.

ஓக்‌ஷாட் 2002-இல் காலமானார். அவர் சேர்த்த வாள்கள் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் அவர் பெயரில் இயங்கும் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பழைய வாளைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்காமல், வருகிறவர்கள் கையில் கொடுத்துக் கற்றுக்கொடுப்பதைத்தான் அது தன் வேலையாக வைத்திருக்கிறது.