பனியும் மின்னும்

பனி என்னும் சொல் தமிழிற் பழமை வாய்ந்தது. ஆண்டினை ஆறு பெரும்பொழுதாக வகுத்த நம் முன்னோர் அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். ஆயினும் அவர் கண்ட பனி, மார்கழி விடியலிற் புல்நுனியிலும் வாழையிலையிலும் திரண்டு நின்று, ஞாயிறு ஏறியதும் மறைந்தொழியும் நீர்த்துளியேயாம். கூரையை அமுக்கி, மரக்கிளையை முறித்து, மாதக்கணக்கில் நிலத்தை மூடிக்கிடக்கும் வெண்பனிக்கும் நாம் இன்று அதே சொல்லையே வழங்கி வருகின்றோம். இவ்விரு பனியும் வேறு வேறாயினும், மின்சாரத்திற்குச் செய்யும் தீங்கினைப் பொறுத்தவரையில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியருக்கு மின்சாரத்தில் என்ன வேலை என்று நகைப்பாரும் உளர். கீழ் வகுப்புகளில் தமிழோடு விஞ்ஞானமும் கற்பிக்கும் கடன் எம்மனோர்க்குப் பலகாலும் வந்து வாய்ப்பதுண்டு. அன்றியும், இம்மலர் அரியாலையிலே படிக்கப்படும் அளவிற்கு ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் ஒஸ்லோவிலும் படிக்கப்படும். 1990 ஆம் ஆண்டின் பின் பல்லாண்டுகள் குடாநாட்டில் மின்சாரமே இருந்ததில்லை. குப்பி விளக்கின் ஒளியிற் படித்த ஒரு தலைமுறை, மின்சாரத்தோடு பழகும் வாய்ப்பின்றி வளர்ந்து, நேரே பனிநாடுகளுக்குச் சென்று, உலகின் மிகப் பெரிய மின்வழிகளின் கீழே குடியேறிற்று. அன்னார் அறிய வேண்டுவனவும், இங்குள்ள நம் மாணவர் அறிய வேண்டுவனவும் பெரும்பாலும் ஒன்றேயாம்.

மின்சாரத்தை நெடுந்தொலைவு கொண்டு செல்வதற்கு அதன் அழுத்தத்தை உயர்த்துதல் வேண்டும். அழுத்தம் உயர உயர, அதே வலுவினை அனுப்புதற்குக் குறைந்த ஓட்டமே போதும்; ஓட்டம் குறையவே கம்பி சூடேறி வீணாகும் பங்கும் குறையும். நம் வீட்டு விளக்கு எரிவது 230 வோல்ற்றில். இலங்கையின் பெருவழிக் கம்பிகள் 220,000, 132,000 வோல்ற்றுகளிலும், ஊர்களுக்குள் வருவன 33,000, 11,000 வோல்ற்றுகளிலும் இயங்குகின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்திலோ 1965 ஆம் ஆண்டு தொடக்கம் 735,000 வோல்ற்று வழிகள் உள்ளன. உயர்ந்த அழுத்தத்தை இறக்கிப் பல வழிகளாகப் பிரித்துவிடும் இடமே உபமின் நிலையம். சுன்னாகத்திற் சென்று பார்த்தவர் அதன் அமைப்பினை அறிவர்.

அங்கே உற்றுநோக்கத் தக்கது ஒன்றுண்டு. அக்கம்பிகளுக்கு வீட்டுக் கம்பிக்கு உள்ளது போன்ற மேலுறை இல்லை. காற்றே அவற்றின் உறை. கம்பியைத் தாங்கிநிற்கும் இடங்களில் மட்டும் பீங்கானாலோ கண்ணாடியாலோ செய்த காவலிகள் தொங்கும். தட்டுத் தட்டாக அடுக்கிய அக்காவலிகள் குடை கவிழ்த்தாற்போன்று அமைந்திருப்பது அழகுக்காக அன்று. மழையிலே மேற்புறம் நனைந்தாலும் கீழ்ப்புறம் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு முனையினின்று மறுமுனைக்கு மேற்பரப்பு வழியே செல்ல முயலும் மின்னுக்கு வழி நீண்டதாயும் கடினமாயும் இருக்க வேண்டும். உபமின் நிலையம் முழுவதும் காற்றையும் இப்பீங்கான் குடைகளையும் நம்பியே நிற்கின்றது.

இனி வெண்பனியின் செயலைக் காண்போம். தூய நீர் மின்னை எளிதிற் கடத்தாது. தூய பனிக்கட்டியும் அவ்வாறே. ஆதலின், உலர்ந்த பஞ்சு போலக் கடுங்குளிரிற் பெய்யும் பனியால் உடனடிக் கேடு பெரிதில்லை. உறைநிலையை ஒட்டிப் பெய்யும் ஈரப்பனியும், விழுந்தவிடத்தே கட்டியாகும் உறைமழையுமே கொடியவை. இவை தட்டின் விளிம்பினின்று விழுதுபோல் இறங்கி அடுத்த தட்டினைத் தொட்டுவிடும். குடைகளுக்கிடையே இருந்த வெளி தூர்ந்து, நீண்ட வழி குறுகிப்போகின்றது. நீர் உறையுங்கால் தன்னுட் கலந்துள்ள உப்பினையும் அழுக்கினையும் வெளியே ஒதுக்கித் தள்ளும். அவை கட்டியின் மேற்பரப்பிலே திரண்டு நிற்கும். பின்னர் வெயில் சிறிது காட்டி, அம்மேற்பரப்பு மெல்லெனக் கசியத் தொடங்கியதும், உப்பேறிய மென்னீர்ப் படலம் ஒன்று காவலி நெடுகப் படர்கின்றது. மின்னுக்கு அதனினும் வாய்த்த பாதை வேறில்லை. பனிக்கட்டி விடுபட்ட சிறு வெளிகளில் நீலப்பொறி தோன்றி, நீண்டு, நொடிப்பொழுதில் முனையோடு முனை தாவிவிடும். காதைச் செவிடாக்கும் ஓசையும் கண்ணைப் பறிக்கும் ஒளியும் எழும். பீங்கான் சிதறுதலும் உண்டு. இதனை நாம் மின்தாவல் என்போம்.

ஆகவே, பனி கொட்டும்போது அஞ்சி, கொட்டி ஓய்ந்ததும் அச்சம் நீங்குவது மக்கள் இயல்பாயினும், உபமின் நிலையத்திற்குப் பனி உருகும் வேளையே பெரிதும் அபாயமான வேளை. 1988 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் கியூபெக்கில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. வடகரைப் பகுதியிலுள்ள ஆர்னோ என்னும் 735,000 வோல்ற்று உபமின் நிலையத்திற் பனிக்கட்டி படிந்த காவலிகளில் மின்தாவல் பலமுறை நேர்ந்தது. நிலையம் ஒன்று வீழவே மற்றவை அதன் சுமையைத் தாங்கமாட்டாது அடுத்தடுத்து வீழ்ந்தன. மாகாணத்தின் பெரும்பகுதி இருளில் மூழ்கிற்று; சில இடங்களில் எட்டு மணி நேரம் வரை மின்சாரம் மீளவில்லை. ஏப்ரல் அந்நாட்டில் வேனில் அரும்பும் மாதம் என்பதை ஈண்டு நினைத்தல் தகும்.

நமக்கு இன்னும் அணுக்கமான கதை ஜப்பானிலுண்டு. 2005 டிசெம்பர் 22 ஆம் நாள் நீகாட்டாக் கரையோரத்திற் கடுங்காற்று வீசிற்று. கடலினின்று அள்ளி வந்த உப்பு ஈரப்பனியோடு கலந்து, காவலித் தட்டுகளுக்கிடையே சாந்து அடைத்தாற்போல் அடைந்தது. ஏறத்தாழ 650,000 வீடுகள் மின்னிழந்தன. சிலவிடத்து 31 மணி நேரம் சென்றே விளக்கு எரிந்தது. அங்கே பனியும் உப்பும் ஒருங்கே கூடின. நம் குடாநாட்டிலோ உப்புக்குப் பஞ்சமேயில்லை. சோளகம் வீசும் மாதங்களில் கடனீரேரியின் ஓரம் வெண்ணிறமாய் உப்புப் பூத்துக் கிடப்பதையும், அக்காற்றிலே நின்றவன் உதட்டில் உப்புக் கரிப்பதையும் அரியாலையில் வாழ்ந்தவர் அனைவரும் அறிவர். அவ்வுப்பும் தெருப்புழுதியும் கோடை முழுவதும் காவலிகளிற் படிகின்றன. ஐப்பசி கார்த்திகையிற் பெருமழை பெய்தால் அவை கழுவப்பட்டு நன்மையே விளையும். பெருமழைக்கு முன் வரும் சிறு தூறலும், மழை பொய்த்த ஆண்டில் விடியற்காலத்தில் இறங்கும் பனியுமே கேடு செய்வன. அவை உப்பினைக் கழுவா. நனைக்க மட்டுமே செய்யும். வைகறையில் மின்கம்பத்தின் அருகே செல்வோர் சீறுவது போன்ற ஓசையைக் கேட்பதும், தட்டுகளைச் சூழ நீலநிறச் சுடர் ஊர்வதைக் காண்பதும் இதனாலேயாம். அதனைப் பேய் என்று சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்திய கிழவியரை நாம் குறைகூற மாட்டோம். பிள்ளைகள் விலகி நின்றனரன்றோ! அத்தகைய சீற்றம் தொடர்ந்து கேட்குமாயின் மின்சாரப் பணிமனைக்கு அறிவித்தல் நன்று.

இதுகாறும் கூறியது மேலே நிகழ்வது. கீழே நிலத்தில் நிகழ்வதே மனிதவுயிருக்கு நேரடியான கேடு. உபமின் நிலையத்தின் வேலியும் கம்பிகளின் உயரமும் வெறுநிலத்தினின்று அளந்து அமைக்கப்பட்டவை. வேலியோரம் காற்று குவித்த பனிமேடு மூன்று நான்கு அடி உயர்ந்தால் வேலி அவ்வளவு தாழ்ந்துவிட்டது என்றே பொருள். சறுக்கி விளையாடும் சிறுவனுக்கு அம்மேடு படிக்கட்டாகிவிடும். உள்ளே பணிபுரிவோருக்கும், பனி மூடிய தரையில் நிற்குங்கால் தலைக்கும் கம்பிக்கும் இடையேயுள்ள தூரம் குறைந்துவிடுகின்றது. உயர் அழுத்த மின் தொட்டாற்றான் தாக்கும் என்பது தவறு. போதிய அளவு நெருங்கினாலே காற்றைப் பிளந்து தாவவல்லது அது. இரப்பர்ச் செருப்பு அணிந்தால் அஞ்சவேண்டுவதில்லை என்று மாணவர் சிலர் விடையெழுதக் கண்டிருக்கின்றோம். 33,000 வோல்ற்றுக்கு முன்னே அச்செருப்பு ஒரு பொருட்டன்று.

உபமின் நிலையத்தின் தரையிலே உடைகல் பரப்பியிருப்பதனைப் பலர் புல் முளையாமைக்கு என்று எண்ணுவர். அப்பயனும் உண்டாயினும், தலையாய காரணம் வேறு. மின்தாவல் நிகழ்ந்து பெருமின் நிலத்துள் இறங்குங்கால், அவ்விடத்தில் அழுத்தம் மிகுந்தும் அகல அகலக் குறைந்தும் இருக்கும். ஒருவன் அடிபெயர்த்து நடப்பானாயின் அவனுடைய இரு பாதங்களும் இருவேறு அழுத்தங்களில் நிற்கும். அவ்வேறுபாடே அவன் உடலூடே மின்னைச் செலுத்தும். உலர்ந்த உடைகற்படை அதனைத் தடுக்கின்றது. சேறும் உருகிய பனிநீரும் கல்லிடுக்குகளை நிரப்பின் அக்காப்புத் தளர்ந்துபோம். உறைந்த மண்ணோ மின்னை எளிதில் ஏற்காது. எனவே நிலத்துட் புதைத்த செப்புக் கம்பிவலை தன் பணியை மாரிக்குளிரிற் செவ்வனே ஆற்றுவதில்லை. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே தூரம் மிகுந்தமையால், அறுந்த கம்பியருகே மாடுகள் மனிதரினும் விரைந்து மடிகின்றன.

உபமின் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், பனிக்காலக் கேட்டிற்குப் பெரும் எடுத்துக்காட்டு 1998 ஜனவரியில் கிழக்குக் கனடாவைத் தாக்கிய உறைமழையாகும். ஐந்தாறு நாள்களில், சிலவிடத்து 100 மில்லிமீற்றர் அளவிற்குப் பெய்த அம்மழை, கம்பிகளில் மணிக்கட்டின் பருமனுக்குக் கட்டியாய்ப் படிந்தது. உருக்குக் கோபுரங்கள் ஏறத்தாழ ஆயிரம் வரிசை வரிசையாக மடிந்தன. மொன்றியல் நகரின் நீர்த்தூய்மை நிலையங்களும் மின்னிழந்தன. சில ஊர்களில் நான்கு கிழமைக்கு மேலாகியும் விளக்கு எரியவில்லை. பின்னர் 2013 டிசெம்பர் 21, 22 ஆம் நாள்களில் ரொறன்ரோவைத் தாக்கிய உறைமழையில் ஏறத்தாழ 300,000 மின்பாவனையாளர் இருளில் இருந்தனர். நம்மவர் மிகுதியாக வாழும் ஸ்காபரோவும் அவ்விருளுக்குத் தப்பவில்லை.

இத்தகைய நாள்களில் உயிர் போவது பெரும்பாலும் மூன்று வழியால். முதலாவது, அறுந்து விழுந்து பனியில் மறைந்து கிடக்கும் கம்பி. அது அசைவின்றிக் கிடப்பதனால் இறந்த கம்பி என்று கருதலாகாது. நிலையத்துக் கருவிகள் சில நொடிகளில் தாமாகவே மீண்டும் மின்னைச் செலுத்திப் பார்க்கும் இயல்பின. இரண்டாவது, வீட்டுக்குள்ளே அல்லது வாகனக் கொட்டகையிற் கரியடுப்பு மூட்டுதலும் மின்பிறப்பாக்கி இயக்குதலும். அவற்றினின்று எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. 1998 இலும் 2013 இலும் அதனால் மாண்டோர் உளர். அறைக்குள் விறகடுப்பு எரித்து வளர்ந்த நமக்கு இஃது எளிதில் மனங்கொள்ளாது. நம் குசினிகள் கூரையிடுக்கும் சுவரிடுக்கும் காற்றோடியவை. பனிநாட்டு வீடோ காற்றுப் புகாதவாறு இறுக்கி அடைத்த பெட்டி.

மூன்றாவது வழியை இரு நாட்டாரும் ஒருங்கே கவனித்தல் வேண்டும். சிறு மின்பிறப்பாக்கியை நேரே வீட்டு மின்னிணைப்பிற் பொருத்திவிடுவோர் உளர். 33,000 வோல்ற்றை வீட்டிற்கேற்ப இறக்கித் தரும் தெருமுனை மின்மாற்றி, எதிர்த்திசையில் மின் வருமாயின் அதனை மீண்டும் 33,000 ஆக ஏற்றிவிடும். மின் துண்டிக்கப்பட்டதென நம்பிக் கம்பத்தில் ஏறிய பணியாளனுக்கு அது கூற்றாகும். அவன் யார் வீட்டு விளக்கால் மாண்டான் என்பது அவ்வீட்டாருக்கே தெரியாமற் போகலாம். பெருவழியையும் பிறப்பாக்கியையும் ஒருசேர இணைய விடாத மாற்றுச் சாவி பொருத்தாது இதனைச் செய்தல் கொலைக்கு ஒப்பானது.

நம்மூரில் வெண்பனி இல்லையாயினும் அதன் வேலையை நாமே செய்துவிடுகின்றோம். வீதி திருத்தக் குவித்த மணல்மேடு கம்பியின் உயரத்தைக் குறைக்கின்றது. மின்கம்பத்தைத் தாங்கிச் சாய்வாக இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பியில் ஆடு கட்டுகின்றோம், பாகற்கொடி படரவிடுகின்றோம். முருங்கைக்காய் பறிக்கும் கொக்கத்தடி, மூங்கில் போய் இப்பொழுது அலுமினியக் குழாயாகிவிட்டது. தை மாதத்து வாடையிற் பட்டம் ஏற்றும் சிறுவர், கடற்காற்றில் உப்பும் பனியும் ஊறிய நூல் மின்கடத்தியே என்பதை அறியார். கம்பியிற் சிக்கிய பட்டத்தைத் தடி கொண்டு தட்ட முனைவர். பட்டம் நூறு ரூபாய்க்கும் கிடைக்கும் என்று அவருக்கு யாரேனும் கூறல் வேண்டும்.

அறுந்த கம்பி அருகே அகப்பட்டோர் செய்யத்தக்கதையும் கூறிவிடுவோம். பத்து மீற்றருக்கு அப்பால் விலகுதல் வேண்டும். விலகுங்கால் அகல அடிவைத்து ஓடலாகாது. பாதங்களை ஒன்றோடொன்று ஒட்டி, நிலத்தினின்று எடுக்காது தேய்த்துத் தேய்த்துச் செல்லுக. வீழ்ந்தவனைத் தூக்க ஓடுவோரே அடுத்து வீழ்வர் ஆதலின், மின் துண்டிக்கப்பட்டமை உறுதியாகும் வரை அணுகலாகாது. மோட்டார் வண்டியின் மீது கம்பி விழுந்தால் வண்டிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். தீப்பற்றி வெளியேற நேரின், வண்டியையும் நிலத்தையும் ஒருங்கே தொடாதவாறு, இரு காலும் சேர்த்துக் குதித்து, முன் சொன்னபடியே பாதந் தேய்த்து விலகுக.