மெய்நிகர் சோதனைச் சூழல்

மெய்நிகர் சோதனைச் சூழல் என்பது நிறுவனங்களில் பயன்படும் வழங்கி மென்பொருட்களை, அன்றாடப் பணியிலுள்ள வழங்கிகளைத் தொடாமல் நிறுவிப் பார்க்கவும் மாற்றிப் பார்க்கவும் உருவாக்கப்படும் தனித்த கணினித் தொகுதி ஆகும். இதிலுள்ள கணினிகள் தனித்தனிப் பொறிகள் அல்ல. ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருளின் துணையால், ஒரே கணினியின் செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றைப் பகிர்ந்துகொண்டு இவை இயங்குகின்றன.

இக்கட்டுரை மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் மையமாகப் பேணும் சேவை இது. இது பழுதுற்றால் அலுவலகம் முழுவதும் உள்நுழைய இயலாமற் போகலாம். ஆகவே இதில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே சோதிப்பது இன்றியமையாதது.

வரலாறு

ஒரு கணினியைப் பல கணினிகளாக இயங்கச் செய்யும் நுட்பம் 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் உருவானது. 1972 இல் விஎம்/370 வெளிவந்தது. புதிய இயங்குதளப் பதிப்புகளைச் சோதிப்பது அன்றே இதன் பயன்களுள் ஒன்றாக இருந்தது. 1999 இல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் இதை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2005 இல் இன்டெல்லும் 2006 இல் ஏஎம்டியும் செயலியிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. விர்ச்சுவல்பாக்ஸ் 2007 இலும் ஹைப்பர்-வி 2008 இலும் வெளியாயின.

தேவைப்படும் வளங்கள்

16 கிகாபைட்டு நினைவகமுள்ள கணினி ஒன்று தொடக்கத்திற்குப் போதுமானது. டொமைன் கண்ட்ரோலர் எனப்படும் ஆள்கள வழங்கிகள் இரண்டிற்குத் தலா 2 கிகாபைட்டு, உறுப்பு வழங்கிக்கு 4, பயனர் கணினிக்கு 4 என ஒதுக்கினால், தாய்க்கணினிக்கு 4 கிகாபைட்டு எஞ்சும். ஆள்கள வழங்கி ஒன்றே போதும் எனப் பலர் நிறுத்திவிடுகின்றனர். ஆனால் ஒத்திசைவுப் பிழைகள் இரண்டு வழங்கிகள் இருந்தால்தான் தோன்றும். ஒன்று மட்டும் உள்ள சூழலில் அவற்றைக் காணவே முடியாது.

வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் செயலி அன்று, வன்தட்டே. சுழலும் வன்தட்டு ஒன்றில் நான்கு மெய்நிகர் கணினிகள் ஒருங்கே தொடங்கினால் அனைத்தும் காத்துக் கிடக்கும். திண்மநிலை வட்டு இதற்கு ஏற்றது. விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பை 180 நாட்கள் பயன்படுத்தலாம்.

வலையமைப்பு

மெய்நிகர் கணினிகளைப் பாலமுறையில் அலுவலக வலையமைப்புடன் நேரடியாக இணைப்பது எளிது. ஆனால் தவிர்க்கப்பட வேண்டியது. சோதனை ஆள்களத்தில், ஐபி முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் டிஎச்சிபி சேவையும் இயங்குகிறது எனக் கொள்வோம். பாலமுறையில் அச்சேவை, அலுவலகத்தின் உண்மையான கணினிகளுக்கும் தவறான முகவரிகளை வழங்கத் தொடங்கிவிடும். எனவே மெய்நிகர் கணினிகள் தமக்குள் மட்டும் தொடர்புகொள்ளும் உள் வலையமைப்பே பொருத்தமானது. இற்றைப்படுத்தல்களைப் பதிவிறக்க வேண்டியிருப்பின், முகவரி மாற்று முறையில் தற்காலிகமாக இணைய இணைப்புத் தரலாம்.

நிறுவும் வரிசை

முதல் ஆள்கள வழங்கிக்கு நிலையான ஐபி முகவரி தந்து, ஆக்டிவ் டைரக்டரியையும் பெயர்ச் சேவையான டிஎன்எஸ்ஸையும் நிறுவ வேண்டும். பிற கணினிகளின் டிஎன்எஸ் முகவரி இவ்வழங்கியையே சுட்ட வேண்டும். ஆள்களத்தில் சேர முடியாமற் போவதற்கு இதிலுள்ள தவறே பெரும்பாலும் காரணமாகும். நேரம் தவிர்ப்பதற்காக ஒரே வட்டிலிருந்து படியெடுத்த விண்டோஸ் கணினிகளைச் சிஸ்பிரெப் கருவியால் பொதுமைப்படுத்திய பின்னரே சேர்க்க வேண்டும். இல்லையேல் அவை ஒரே அடையாள எண்ணைத் தாங்கியிருக்கும்.

கடிகாரமும் கவனிக்கத்தக்கது. கெர்பரோஸ் உள்நுழைவு முறை இயல்பாக 5 நிமிட வேறுபாட்டை மட்டுமே ஏற்கும். இடைநிறுத்தி வைத்து மறுநாள் தொடரப்படும் மெய்நிகர் கணினி பழைய நேரத்துடன் விழிப்பதுண்டு.

நிலைப்பதிவும் அதன் இடரும்

மெய்நிகர் கணினியின் ஒரு கணத்து நிலையைச் சேமித்து, பின்னர் அந்நிலைக்கே திரும்பும் வசதி ஸ்னாப்ஷாட் அல்லது நிலைப்பதிவு எனப்படும். தனித்தியங்கும் வழங்கிக்கு இது பேருதவி. தமக்குள் தகவல் பரிமாறும் வழங்கிகளில் ஒன்றை மட்டும் பின்னோக்கி நகர்த்துவதோ, வெளித்தெரியாத கேட்டை விளைவிக்கும்.

ஒவ்வோர் ஆள்கள வழங்கியும் தன்னிடம் நிகழும் மாற்றங்களுக்கு வரிசை எண் இடுகிறது. மற்றவை, தாம் எந்த எண் வரை பெற்றுள்ளோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்கின்றன. முதல் வழங்கி 5000 என்ற எண்ணில் இருக்கும்போது நிலைப்பதிவு எடுக்கப்பட்டதாகக் கொள்வோம். பின்னர் அது 5200 வரை சென்று, இரண்டாம் வழங்கியும் அவற்றைப் பெற்றுக்கொண்டது. இப்போது முதல் வழங்கியை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பிப் புதிய பயனர்களைச் சேர்த்தால், அம்மாற்றங்கள் 5001 முதல் எண்ணிடப்படும். இரண்டாவது வழங்கி 5200க்கு மேற்பட்டவற்றையே கேட்பதால் புதிய பயனர்களை அது அறியவே அறியாது. பயனர்களின் பாதுகாப்பு அடையாள எண்களும் மீண்டும் வழங்கப்படுவதால், இருவர் ஒரே அடையாளத்தைப் பெற்று ஒருவரது கோப்பு மற்றவருக்குத் திறக்கும் நிலையும் உண்டாகலாம்.

விண்டோஸ் சர்வர் 2012 இல் இதற்குத் தீர்வு சேர்க்கப்பட்டது. மெய்நிகர் கணினி பின்னோக்கிச் சென்றதை ஹைப்பர்வைசர் ஓர் எண் வழியாக உணர்த்தும். வழங்கி உடனே புதிய அடையாளம் பூண்டு, கைவசமுள்ள அடையாள எண் தொகுப்பையும் கைவிடும். ஹைப்பர்வைசரிலும் இவ்வசதி இருந்தாலன்றி இது பயன்படாது.

சோதனைச் சூழலில் எளிய வழி, எல்லாக் கணினிகளையும் அணைத்து, ஒருசேர நிலைப்பதிவெடுத்து, ஒருசேரவே மீட்பதாகும். மீட்டபின், 2012க்குப் பிந்திய பதிப்புகளில், சிஸ்வால் கோப்புறையின் ஒத்திசைவைச் சரிபார்த்தல் நன்று. உறுப்பு வழங்கியை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பினாலும் சிக்கல் எழலாம். அதன் கணினிக் கடவுச்சொல் இயல்பாக 30 நாட்களுக்கொருமுறை மாறுவதால், ஆள்களத்துடனான நம்பிக்கைத் தொடர்பு முறியக்கூடும்.

எல்லைகள்

செயல்முறைகளைச் சரிபார்க்க இச்சூழல் நம்பகமானது. சுமையைத் தாங்கும் திறனை அளக்க அவ்வாறன்று. 2018 ஏப்ரலில் பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி தன் வாடிக்கையாளர் தரவுகளைப் புதிய தளத்திற்கு மாற்றியபோது, பெருந்தொகையானோர் தம் கணக்குகளை அணுக இயலாது தவித்தனர். இரு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை நடந்திருந்ததைப் பின்வந்த சுயாதீன ஆய்வு வெளிப்படுத்தியது. 2022 டிசம்பரில் அவ்வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது.