முன்சீபு வேதநாயகரின் சட்டத்தமிழ்

பதவியினின்றும் நீங்கிய நடுவர் ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றி அன்றன்று வெளிவரும் தீர்ப்புக்களின் பொருளைப் பொதுமக்களுக்கு விளக்குவதும், பின்னர் அவ்விளக்கங்களை நூலாக்குவதும் இக்காலத்துப் பல நாடுகளிலும் காணப்படும் வழக்கமாகும். கருவி புதிதேனும் பணி பழையது. நீதிமன்றத்தினுள் வழங்கும் மொழியை அறியாதார்க்கு, அதனை அறிந்த ஒருவர் வெளிவந்து எடுத்துரைக்கும் இப்பணியைத் தமிழில் மேற்கொண்ட முன்னோடிகளுள் தலையாயவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). தமிழ் நாவலின் தந்தையென அவரைப் போற்றும் இலக்கிய வரலாறுகள் அவர்தம் சட்டப்பணியை ஒரு வரியிற் கூறிக் கடந்து செல்கின்றன. அவ்வொரு வரியிற் கூறப்படுவதே அவர்தம் உரைநடைக்கு ஊற்றாக அமைந்தது என்பது நம் கருத்து.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிற் பிறந்த வேதநாயகர், திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியிற் சேர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளரானார். அதன்பின் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக இருந்து, 1872இல் பதவியினின்றும் விலகினார். இவற்றுள் முன்சீபுப் பதவியே பலரும் அறிந்தது. நாமோ மொழிபெயர்ப்பாளர் பதவியையே சிறப்பாகக் கருதுகின்றோம். மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லை மிகுத்துக் கூறினும் குறைத்துக் கூறினும் ஒருவனது நிலமோ பொருளோ கைமாறக்கூடும். புலவர் அவையிற் பயிலாத இக்கண்டிப்பு, நீதிமன்றத்திற் பயின்றவர்க்கே வாய்ப்பது.

இப்பயிற்சியின் முதற்பெரும் பயன் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் தொகுப்பாகும். 1805 முதல் 1861 வரை சென்னைச் சதர் அதாலத்து நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்களைத் தமிழிற் சுருக்கித் தந்த இந்நூல் 1862இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே சதர் அதாலத்து மறைந்து, சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியது. இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அவ்வாண்டே. முடிவுற்ற ஒரு காலத்தின் நீதிமுறை முழுவதையும் ஆங்கிலமறியாத வழக்காடியின் கைக்கு எட்டுமாறு செய்தவர், அப்போது பதவியில் இருந்த ஒரு கீழ்நிலை நடுவர் என்பது வியப்புக்குரியது. மேல்மன்றத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டே ஒருவன் வழக்குத் தோற்கின்றான். அத்தீர்ப்பு யாதென அவன் தன் மொழியில் அறிதற்கு அதுகாறும் வழியில்லை.

தீர்ப்புக்குரிய உரைநடை செய்யுளுரையின் நடையன்று; புராண வசனத்தின் நடையும் அன்று. முதலில் நிகழ்ந்தது கூறல் வேண்டும். அடுத்து இருதிறத்தார் கூற்றும், அவற்றினின்றும் எழும் வினாவும், இறுதியில் முடிவும் காரணத்தோடு வருதல் வேண்டும். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்துள் கிளைக்கதைகள் பல இவ்வொழுங்கிலேயே இயங்குகின்றன. செம்மான் வழக்கை நோக்குக. அறுந்த செருப்பைத் தைத்துத் தந்தால் ‘சந்தோஷப்படுத்துவதாக’ப் பிரதாப முதலி வாக்களிக்கின்றான். கூலி பெற்றும் தனக்குச் சந்தோஷம் உண்டாகவில்லை எனச் செம்மான் வழக்கிடுகின்றான். முதலி சிறைப்படுகின்றான். ஆண்வேடத்தில் அரசு புரியும் ஞானாம்பாள், தான் அரசு ஏற்றதில் அவனுக்குச் சந்தோஷம் உண்டா என வினவுகின்றாள். இல்லை என்று சொல்ல அவனால் இயலுமா? உண்டு என்கின்றான்; ஒப்பந்தம் நிறைவேறிவிடுகின்றது.

இதனை நாட்டுப்புறக் கதையெனக் கூறி ஒதுக்குவாரும் உளர். கதைப்பொருள் நாட்டுப்புறத்ததாயினும், அதனை நடத்தும் முறை முன்சீபுக்குரியது. ஒப்பந்தத்துச் சொல்லொன்று அளவு குறிக்கப்படாது நின்றால் அதற்கு யார் பொருள் வரையறுப்பது என்பதே இங்கு எழும் வினா. இன்றும் நீதிமன்றங்கள் அவ்வினாவிலிருந்து விடுபடவில்லை. நகைச்சுவையாய் நின்று சட்டநுட்பத்தைக் கல்லாதார்க்கும் உணர்த்தும் இப்பகுதியை, அவர்தம் நீண்ட அறிவுரைப் பகுதிகள் பலவற்றினும் மேலானதாக நாம் மதிக்கின்றோம். அறிவுரை வழங்கத் தொடங்கினால் வேதநாயகர்க்கு நிறுத்தத் தெரியாது என்பதும் உண்மையே.

பதவியிற்பொழுதும் பதவி நீங்கிய பின்னும் அவர் எழுதியவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. 1859இல் வந்த ‘நீதிநூல்’ கைக்கூலி முதலிய குற்றங்களைப் பொதுவகையாற் கடிந்து நிற்பது. பதவி நீங்கி ஏழாண்டு கழித்து வந்த நாவலோ நீதிமன்ற நடைமுறையையே எடுத்துக் குறை கூறுகின்றது. நடுவரும் தமிழறிவார், வழக்கறிஞரும் வழக்காடிகளும் தமிழரே, அங்ஙனமிருந்தும் வாதம் ஆங்கிலத்தில் நிகழ்வது எற்றுக்கு என்பது அதன் வினா. தன் வழக்கில் தனக்காகப் பேசப்படுவது யாதென அறியாது வழக்காடி நிற்கும் நிலையை அவர் எள்ளி நகையாடுகின்றார். அன்றாடம் தம்முன் நின்று வாதிடும் வழக்கறிஞரைக் குறித்துப் பதவியிலிருக்கும் நடுவர் இங்ஙனம் எழுதுதல் எளிதன்று. இக்கண்டனம் நாவலில் இடம்பெற்றமைக்கு 1872ஆம் ஆண்டின் ஓய்வே காரணமாதல் கூடும் என ஊகிக்கின்றோம்.

அவ்வினா இன்னும் முழுவதும் விடைபெறவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் தமிழ்நாட்டுக் கீழ்நிலை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் கிடைத்தது. உயர்நீதிமன்றத்திலோ, அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி ஆங்கிலமே மொழி. அதனை மாற்றவேண்டித் தமிழகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் பயன் விளையவில்லை. 2019 முதல் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்கள் சில தமிழிலும் வெளிவருகின்றன. தொலைக்காட்சி விளக்கம் அன்றோடு மறைவது. வழக்காடி கையில் வைத்துப் படிப்பதற்கு உரியது இத்தகைய மொழிபெயர்ப்பே. அவற்றை ஆக்குவோர் சொல்லுக்குத் திண்டாடுகின்றனர் எனப் பலரும் குறை கூறுகின்றனர். 1862இன் தொகுப்பை அவர்முன் எடுத்துவைத்தாரைக் காணோம்.

முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வு ஒன்று ஈண்டு உளது. ‘சித்தாந்த சங்கிரக’த்தின் சட்டச் சொற்களையும் நாவலில் பயிலும் வாதி, பிரதிவாதி, நியாயஸ்தலம், நியாயாதிபதி முதலிய சொற்களையும் அகரநிரற்படுத்தி, 1976க்குப் பின் நீதிமன்றங்களில் ஏற்கப்பட்ட சொற்களோடு ஒப்பிடல் வேண்டும். எவை நிலைத்தன, எவை வீழ்ந்தன, வீழ்ந்தவற்றுள் மீட்கத்தக்கவை எவை என்பது அதனாற் புலப்படும். நாவலை மட்டும் பாடமாக வைத்து, சங்கிரகத்தை நூலகத்தின் மூலையில் விட்டிருப்பதால் இவ்வாய்வு இதுகாறும் எவர் கண்ணிலும் படாது கிடக்கின்றது.